மதுரையில் டைப்ரைட்டிங் கற்க: லோயரிலிருந்து ஹையர் வரை ஒரு வழிகாட்டி

குரூப் 4 எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியும் தட்டச்சர் பணியிடம் கைக்கு எட்டாமல் நிற்பவர்கள் மதுரைப் பக்கம் நிறையப் பேர். டைப்ரைட்டிங் சான்றிதழ் இருக்காது. அப்படியே சான்றிதழ் இருந்தாலும், கேட்கிற தகுதிக்கு ஒரு படி குறைவாக இருக்கும். நான் இதைக் கற்று முடிக்க அலைந்ததில் பாதி, சரியான தகவலை நேரத்துக்குச் சொல்ல ஆள் இல்லாததால் வந்த அலைச்சல். மீதிப் பாதி விரல் பழக்கம். அதற்குக் குறுக்கு வழி கிடையாது, ஒரு முறை உண்டு. இரண்டையும் இங்கே எழுதுகிறேன். வேலைக்குப் போய்க்கொண்டோ கல்லூரியில் படித்துக்கொண்டோ, ஒரு மொழிக்குத் தினம் ஒரு மணி நேரம் மட்டும் ஒதுக்க முடிகிறவரை மனதில் வைத்து எழுதியது இது.

1. எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

லோயர் என்று எல்லோரும் சொல்வது இளநிலை. ஹையர் என்பது முதுநிலை. தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் தனித்தனியாக இந்த இரண்டு நிலைகளும் உண்டு. தமிழ்நாடு அரசின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் தேர்வு நடத்திச் சான்றிதழ் தருகிறது.

குரூப் 4 தட்டச்சர் பணிக்கு, இரண்டு மொழியிலும் ஹையர் முடித்தவர்களுக்கு முதல் முன்னுரிமை. அவர்களுக்கு அடுத்து தமிழ் ஹையரும் ஆங்கில லோயரும் வைத்திருப்பவர்கள். அதற்கும் அடுத்து தமிழ் லோயரும் ஆங்கில ஹையரும் வைத்திருப்பவர்கள். இரண்டு மொழியிலும் வெறும் லோயர் மட்டும் இருந்தால் அந்தப் பணிக்குத் தகுதி இல்லை. “ரெண்டு லோயரும் முடிச்சிட்டேன்” என்று நிம்மதியாக இருக்கிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதறும். இன்னும் ஒரு தேர்வு பாக்கி இருக்கிறது என்று அவர்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சான்றிதழ் எந்தத் தேதிக்குள் கையில் இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். தேர்வாணையம் அறிவிக்கை வெளியிடும் நாளில் தகுதி முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கும். எழுத்துத் தேர்வு முடிந்த பிறகு டைப்ரைட்டிங் வகுப்பில் சேர்ந்தால் அந்த வருடத்துக்கு உதவாது.

2. தேர்வு மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

தேர்வு வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும், வழக்கமாகச் சனி, ஞாயிறுகளில் நடக்கும். விண்ணப்பம் பெரும்பாலும் அதற்கு ஓரிரு மாதம் முன்பே முடிந்துவிடும்.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு லோயருக்கு ஆறு மாதம் வேண்டும். அதனால் பிப்ரவரித் தேர்வுக்கு ஆகஸ்டிலும், ஆகஸ்டுத் தேர்வுக்கு பிப்ரவரியிலும் சேர்வதுதான் கணக்கு. மதுரையில் பலரும் செய்வது வேறு. பிளஸ் டூ பரீட்சையோ கல்லூரிப் பரீட்சையோ முடிந்ததும் மே மாதம் கூட்டமாக வந்து சேர்கிறார்கள். சேர்வதில் தப்பில்லை. ஆனால் அந்த ஆகஸ்டிலேயே எழுத வேண்டும் என்று அவசரப்பட்டால் மூன்று மாதத்தில் விரல் பழகாது. பார்த்து அடிக்கிற பழக்கம் மட்டும் ஒட்டிக்கொள்ளும், அதைப் பிறகு போக்குவது பெரும்பாடு. மே மாதம் சேர்ந்தவர்கள் பிப்ரவரியைக் குறி வையுங்கள்.

லோயர் முடித்து ஹையர் என்பதுதான் வழக்கமான வழி. முதல் தேர்வில் தமிழ் லோயரும் ஆங்கில லோயரும் சேர்த்து எழுதி, அடுத்த தேர்வில் ஒன்றிலாவது ஹையர் எழுதினால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் சேர்ந்த நாளிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் ஆகும். வீட்டில் இதை முன்கூட்டியே சொல்லிவைத்துவிடுங்கள். “மூணு மாசத்துல முடிஞ்சிரும்னு சொன்னியே” என்ற கேள்வி, தேர்வு நேரத்தில் வந்தால் கையை நடுங்க வைக்கும்.

3. நிலையத்தை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

நகரத்துக்குள் சிம்மக்கல், பெரியார் பேருந்து நிலையம் சுற்றுவட்டாரத்தில் தேடலாம். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் இருப்பவர்கள் முதலில் சொந்த ஊரிலேயே விசாரியுங்கள். பெயர் பெற்ற இடம் என்று ஒரு மணி நேரம் பஸ்ஸில் போய் ஒரு மணி நேரம் அடித்துவிட்டு ஒரு மணி நேரம் திரும்பி வருகிற ஏற்பாடு, மழை பெய்தால் நிற்கும், உடம்பு சரியில்லை என்றால் நிற்கும், உறவில் கல்யாணம் என்றால் நிற்கும். நடந்தோ சைக்கிளிலோ போகிற தூரத்தில் சுமாரான நிலையம் இருந்தால், தூரத்தில் இருக்கும் சிறந்த நிலையத்தைவிட அதுதான் உங்களுக்குச் சான்றிதழ் வாங்கித் தரும். இதை நான் உறுதியாக நம்புகிறேன்.

போய்ப் பார்க்கும்போது நீங்கள் சேர நினைக்கிற அதே நேரத்தில் போங்கள். காலை ஆறு மணி வகுப்பு வேண்டும் என்றால் ஆறு மணிக்கே. மெஷின்கள் எத்தனை, ஆட்கள் எத்தனை என்று பாருங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் மாலை நேரத்தில் மெஷினுக்கு வரிசை நிற்க வேண்டியிருந்தது. ஒரு மணி நேரம் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள், கையில் கிடைத்தது அரை மணி நேரம்தான். பணம் கட்டிய பிறகு அதைப் பேசிப் பயன் இல்லை.

அரசு அங்கீகாரம் உள்ள நிலையமா, அதன் வழியாகவே தேர்வுக்கு விண்ணப்பிக்க முடியுமா என்று வாய்விட்டுக் கேளுங்கள். தமிழ் மெஷின்கள் எத்தனை என்று தனியாகக் கேளுங்கள். பல இடங்களில் ஆங்கில மெஷின் வரிசையாக இருக்கும், தமிழ் மெஷின் மூலையில் இரண்டு இருக்கும். சாவிகளை அடித்துப் பாருங்கள். ஏதாவது எழுத்து ஒட்டிக்கொண்டு திரும்பாமல் நின்றால், அதைச் சரிபார்க்க மெக்கானிக் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருவார் என்று விசாரியுங்கள். “பாஸ் கேரண்டி” என்று சொல்கிற இடத்தில் சேர வேண்டாம்.

4. ஆவணங்கள்

லோயருக்குப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ்தான் அடிப்படை. பாஸ்போர்ட் அளவுப் புகைப்படம், கையொப்பம், அடையாள அட்டை நகல் வேண்டும். ஹையருக்கு லோயர் சான்றிதழ் நகலும் சேரும்.

இதில் கவனிக்க வேண்டியது பெயரும் இனிஷியலும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், பத்தாம் வகுப்புச் சான்றில் இனிஷியல் மட்டும் இருக்கும், அதுவும் சிலருக்குப் பின்னால் இருக்கும். விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ளபடியே, புள்ளி இடைவெளி உட்பட, எழுதச் சொல்லுங்கள். நிலையத்தில் ஒரே நாளில் பலருக்கு ஆன்லைனில் பதிவு செய்வார்கள், பிழை வருவது சகஜம். பதிவு செய்கிறபோது பக்கத்தில் உட்கார்ந்து, பெயர், பிறந்த தேதி, எந்த மொழி, எந்த நிலை என்று நான்கையும் திரையில் படித்துப் பார்த்த பிறகே சமர்ப்பிக்கச் சொல்லுங்கள். பதிவு நகலை வாங்கிக்கொண்டுதான் எழுந்திருக்க வேண்டும்.

5. செலவு

தொகையை எழுதினால் அது அடுத்த வருடமே மாறிவிடும். அதனால் எதற்கெல்லாம் பணம் போகும் என்று சொல்கிறேன். சேர்க்கைக் கட்டணம், மாதக் கட்டணம் இரண்டும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு மொழி எடுத்தால் இரண்டு மணி நேரம், அதற்கு இரண்டு கட்டணம். பயிற்சிப் புத்தகமும் அடிக்கிற தாளும் உங்கள் செலவு. தாளை ரீம் கணக்கில் மொத்தக் கடையில் வாங்குங்கள், முதல் இரண்டு மாதத்துக்குத் தாளின் இரண்டு பக்கமும் அடிக்கலாம்.

பிறகு வருவதுதான் பலருக்கும் தெரியாதது. தேர்வுக் கட்டணம் மொழிக்கும் நிலைக்கும் தனித்தனி. தேர்வு நடக்கிற கல்லூரிக்கு மெஷின்களை நிலையத்தினரே வண்டியில் ஏற்றிக் கொண்டுபோவார்கள், அந்த வண்டி வாடகையையும் மாணவர்களிடம் பிரித்து வாங்குவது உண்டு. கடைசி மாதத்தில் கூடுதல் நேரப் பயிற்சி என்று இன்னொரு தொகை வரலாம். சேரும் நாளிலேயே, “சான்றிதழ் கைக்கு வர்ற வரைக்கும் மொத்தமா எவ்வளவு ஆகும் சார், எழுதிக் குடுத்துருங்க” என்று கேட்டு வாங்குங்கள். கேட்டால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. அரசுக்குப் போகும் தேர்வுக் கட்டணம் எவ்வளவு என்பதை அந்தத் தேர்வின் அறிவிக்கையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கட்டிய ஒவ்வொரு தொகைக்கும் ரசீது வேண்டும்.

பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துச் செலவு மிச்சம். ஆனால் உங்கள் வகுப்பு நேரத்துக்கு அந்தப் பேருந்து வருகிறதா என்று பார்த்துவிட்டு வகுப்பு நேரத்தை முடிவு செய்யுங்கள்.

6. அந்த ஒரு மணி நேரம்

லோயருக்கு வேண்டிய வேகம் நிமிடத்துக்கு 30 சொல், ஹையருக்கு 45. ஒரு சொல்லுக்கு ஐந்து தட்டு என்று கணக்கு. ஆக, பத்து நிமிட வேகத் தேர்வில் லோயருக்கு 1,500 தட்டு, ஹையருக்கு 2,250 தட்டு. கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் 1,500 தட்டு என்பது நொடிக்கு இரண்டரை. விரலுக்கு இடம் தெரிந்துவிட்டால் அது நிதானமான வேகம்தான். சிரமமெல்லாம் இடம் தெரிவதில் இருக்கிறது.

தினம் ஒரு மணி நேரம் போதுமா, மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் சீக்கிரம் முடியாதா என்று எல்லோரும் கேட்பார்கள். பிரிட்டன் அஞ்சல் துறையில் ஊழியர்களுக்குத் தட்டச்சுப் பலகை பழக்கியபோது இதையே சோதித்தார்கள். பேட்லி, லாங்மேன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978இல் முடிவை வெளியிட்டார்கள். தினம் ஒரு மணி நேரம் மட்டும் பழகியவர்கள், தினம் இரண்டு வேளை இரண்டிரண்டு மணி நேரம் பழகியவர்களைவிடக் குறைந்த மொத்த நேரத்தில் கற்றுக்கொண்டார்கள். நாள் கணக்கில் பார்த்தால் அதிக நாள் ஆனது உண்மை. கூடவே இன்னொன்றும் தெரியவந்தது. தங்கள் முன்னேற்றத்தில் மிகக் குறைந்த திருப்தியோடு இருந்தவர்களும் அதே ஒரு மணி நேரக்காரர்கள்தான். இதை மறக்காதீர்கள். இரண்டாவது மாதத்தில் “நமக்கு வரல போல” என்று தோன்றும். அப்படித் தோன்றுவது வழக்கம். விரல் அதன்பாட்டுக்குக் கற்றுக்கொண்டேதான் இருக்கும்.

ஒரு மணி நேரத்தை நான் பிரித்துக்கொண்ட விதம் இது. முதல் பத்து நிமிடம் பழைய பாடம். மெதுவாக, பிழையே இல்லாமல். அடுத்த அரை மணி நேரம் அன்றைய பாடம். பிறகு நேற்று அதிகம் பிழை வந்த எழுத்துகளை மட்டும் பத்து நிமிடம். மீதி நேரத்தில் அடித்த தாளை எடுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் வட்டமிடுவது. இந்தக் கடைசி வேலையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அடித்த தாளைப் பார்க்காமல் அடுக்கிவைத்தால், அதே பிழையைத் தினமும் பழகிக்கொண்டிருப்பீர்கள்.

ஒரு சின்ன நோட்டில் தேதி, எத்தனை தாள், எந்த எழுத்தில் பிழை என்று எழுதி வாருங்கள். ஒரு மாதத்தில் உங்கள் எந்த விரல் சொன்னபடி கேட்கவில்லை என்பது கண்ணில் தெரியும். பெரும்பாலும் சுண்டு விரலாகத்தான் இருக்கும். தமிழ் மெஷினில் இது இன்னும் கடினம். இடது கை விரல்களுக்கு யளனக, வலது கைக்குத் தமட, அதற்கடுத்து வலது சுண்டு விரலுக்குப் புள்ளி. இகரக் கொக்கியும் அதே சுண்டு விரலுக்குத்தான். புள்ளியும் கொக்கியும் இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியாது. ஆக, இருப்பதிலேயே பலம் குறைந்த விரலுக்கு இருப்பதிலேயே அதிக வேலை. தமிழுக்கு முதல் மாதம் முழுவதும் வலது சுண்டு விரலுக்கென்று தினம் ஐந்து நிமிடம் தனியாக ஒதுக்குங்கள். புள்ளிச் சாவியை அடித்தால் தாளைத் தாங்கி நகரும் பகுதி (கேரேஜ்) நகராது என்பதால் புள்ளியை முதலில் அடித்துவிட்டுத்தான் எழுத்தை அடிக்க வேண்டும். கையால் எழுதுகிற வரிசைக்கு இது நேர்மாறு. நிதானமாகப் பழகினால் இரண்டு வாரத்தில் கை ஏற்றுக்கொள்ளும், அவசரப்பட்டால் தேர்வு வரைக்கும் தொல்லை கொடுக்கும்.

சாவிகளைப் பார்க்காதீர்கள். கண் புத்தகத்தில் இருக்கட்டும். எழுத்தை மனதுக்குள் சொல்லிக்கொண்டே அடியுங்கள். பக்கத்து மெஷினில் ஹையர் அடிக்கிறவரின் சத்தம் கேட்டு உங்கள் கை தானாக வேகம் எடுக்கும். அதற்கு இடம் கொடுக்காதீர்கள். சீரான தாளம் முக்கியம்: தெரிந்த எழுத்தைச் சடசடவென்றும் தெரியாத எழுத்தைத் தேடியும் அடித்தால் அது வேகம் ஆகாது.

கடிகாரத்தை முதல் மூன்று மாதம் தொடாதீர்கள். நான்காவது மாதத்திலிருந்து வாரத்துக்கு ஒரு நாள், சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேகத் தேர்வு. தினமும் நேரம் வைத்து அடித்தால் கை பதறுவதற்கே பழகும். கடிதமும் ஸ்டேட்மென்டும் (அட்டவணை) இரண்டாம் தாள். கட்டம் பிரிப்பது, ஓரம் விடுவது, தலைப்பை நடுவில் வைப்பது எல்லாம் அதில் வரும். இதைக் கடைசி மாதத்துக்குத் தள்ளிப்போட்டு, வேகம் இருந்தும் தவறவிட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாதம் முடிந்ததும் வாரத்துக்கு இரண்டு நாள் இதற்கு ஒதுக்குங்கள்.

7. வீட்டில் பழகுவது

மெஷின் வாங்க வேண்டாம். ஒரு அட்டையில் சாவிகளின் இடத்தைச் சரியான அளவில் வரைந்து, இரவு படுக்கும் முன் ஐந்து நிமிடம் கண்ணை மூடி விரலை நகர்த்தினால் போதும். கணினி இருந்தால் ஆங்கிலத்துக்கு அதிலேயே பழகலாம். ஆனால் கணினிச் சாவி மெதுவாகத் தொட்டாலே விழும், மெஷின் சாவிக்கு அடி வேண்டும். கணினியில் மட்டும் பழகியவர் மெஷினில் அடித்தால் சுண்டு விரல் எழுத்துகள் மங்கலாக விழும். தமிழுக்குப் பழைய டைப்ரைட்டர் அமைப்பைத் தேர்ந்தெடுத்துப் பழகுங்கள். கணினிக்கான தமிழ்99 விசைப்பலகை நல்ல அமைப்புதான், ஆனால் இந்தத் தேர்வு முடியும் வரை அது வேண்டாம். இரண்டும் விரலில் கலந்துவிடும்.

8. விட்டுப்போகும் நாட்கள்

மதுரையில் ஆறு மாதம் தொடர்ந்து ஒரு காரியம் செய்வதற்கு ஊரே குறுக்கே வரும், அதை முன்கூட்டியே கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரித் தேர்வு எழுதுகிறவர்களுக்குப் பொங்கல் வாரம்தான் கண்டம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு நாட்கள் போய்விடும், உறவினர் வருகை தனி. தேர்வுக்குச் சில வாரமே இருக்கும்போது பத்து நாள் இடைவெளி விழுந்தால் வேகம் கண்கூடாகக் குறையும். ஆகஸ்டுக்காரர்களுக்குச் சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்கும் நாட்களில் சிம்மக்கல், கோரிப்பாளையம் பக்கம் வண்டி நகராது. அந்த நாட்களுக்கு அதிகாலை வகுப்புக்கு மாற்றித் தரச் சொல்லி முன்பே பேசிவிடுங்கள். திருவிழாவைப் பார்க்காமல் இருக்க வேண்டியதில்லை.

ஒரு நாள் போக முடியவில்லை என்றால் அட்டையிலாவது பத்து நிமிடம். மறுநாள் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட நினைக்காதீர்கள். களைத்த விரல் பிழையைத்தான் கற்றுக்கொள்ளும். வழக்கமான ஒரு மணி நேரத்துக்கே திரும்புங்கள். இரண்டு நாள் சேர்ந்தாற்போல் விடக்கூடாது என்பதை மட்டும் கட்டாயமாக வைத்துக்கொண்டேன், அது எனக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்துக்கு மேல் விட்டுப்போனால் கூச்சப்படாமல் ஆரம்பப் பாடத்திலிருந்து இரண்டு நாள் அடித்துவிட்டு, விட்ட இடத்துக்கு வாருங்கள்.

மணிக்கட்டு வலித்தால் அன்று நிறுத்துங்கள். நாற்காலி உயரத்தைச் சரிசெய்யச் சொல்லுங்கள். முழங்கையைவிட மெஷின் மிக உயரத்தில் இருந்தால் வலி வராமல் இருக்காது.

9. தேர்வுக்கு முந்தைய வாரமும் தேர்வு நாளும்

ஹால் டிக்கெட் வந்ததும் பெயர், மொழி, நிலை, மையம், எந்த பேட்ச் என்று பாருங்கள். இரண்டு மொழி எழுதுகிறவர்கள் இரண்டு பேட்சும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்கிறதா என்று அன்றே சரிபார்த்து, சிக்கல் என்றால் உடனே நிலையத்தில் சொல்லுங்கள். மையம் ஊருக்கு வெளியே உள்ள கல்லூரியாக இருக்கலாம். முதல் நாளே ஒருமுறை போய், பேருந்து எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டு வாருங்கள்.

எந்த மெஷினில் தேர்வு எழுதப்போகிறீர்கள் என்று முன்பே கேட்டு, கடைசி இரண்டு வாரம் அதே மெஷினில் பழகுங்கள். கோத்ரெஜுக்கும் ரெமிங்டனுக்கும் ஃபேசிட்டுக்கும் அழுத்தம் வேறு வேறு. வண்டியில் ஏற்றி இறக்கியதில் மெஷின் நிலைகுலைந்திருக்கலாம் என்பதால் தேர்வு அறையில் உட்கார்ந்ததும் ரிப்பன், ஓர அளவு, வரி இடைவெளி, வரி முடிவில் மெஷின் மணி ஒலிக்கிறதா என்று நான்கையும் பாருங்கள். அனுமதித்தால் ஒரு வரி அடித்துப் பாருங்கள். கோளாறு இருந்தால் தேர்வு தொடங்கும் மணி அடிக்கும் முன் கையைத் தூக்கிச் சொல்ல வேண்டும். தொடங்கிய பிறகு சொன்னால் போன நிமிடம் திரும்பி வராது. முதல் ஒரு நிமிடம் பழகிய வேகத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக அடியுங்கள். நடுக்கம் அடங்கியதும் கை தானாக வழிக்கு வரும்.

10. தேர்வுக்குப் பிறகு

முடிவு வரச் சில காலம் ஆகும். அதுவரை வகுப்பை நிறுத்திவிட்டால், ஹையருக்கு மறுபடி முதலிலிருந்து விரலைத் தேற்ற வேண்டியிருக்கும். கட்டணம் கட்ட முடியாத நிலை என்றால் நிலைய ஆசிரியரிடம் சொல்லிப் பாருங்கள், கூட்டம் இல்லாத மதிய நேரத்தில் அரை மணி நேரம் அடிக்க விடுகிற நல்ல மனசு பலருக்கு உண்டு. அதுவும் முடியாவிட்டால் அட்டையும் கணினியும்.

தேர்ச்சி பெற்றதும் அசல் சான்றிதழ் எப்போது வரும் என்று கேட்டு, நேரில் போய் வாங்குங்கள். வாங்கிய இடத்திலேயே பெயர், இனிஷியல், பிறந்த தேதி, நிலை, தேர்வு மாதம், வருடம் எல்லாவற்றையும் பத்தாம் வகுப்புச் சான்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் அன்றே நிலையத்தின் வழியாகத் திருத்த மனு கொடுங்கள். வேலைக்கான சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கிறபோது கண்டுபிடித்தால் ஓட நேரம் இருக்காது. ஸ்கேன் எடுத்து மின்னஞ்சலில் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். தட்டச்சர் பணிக்குத் தேர்வானவர்கள் கணினி அலுவலகத் தானியங்கி (COA) சான்றிதழையும் முடித்தாக வேண்டும். அந்தத் தேர்வையும் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம்தான் நடத்துகிறது. ஹையர் பயிற்சி எடுக்கிற மாதங்களிலேயே அதற்கான வகுப்பு உங்கள் நிலையத்தில் உண்டா என்று விசாரித்துவைத்தால் இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது.